செல்லசாமிக்குக் கேட்ட சத்தம்

1.

என் மனைவியின் அண்ணனிடம் நேரில் சொல்ல வேண்டிய ஒரு விஷயம் இருந்தது. நான்கு முறை அவர் வீட்டுக்குப் போனேன். நான்கு முறையும் தேத்தண்ணி குடித்து, மழையைப் பற்றியும் பஸ் வராததைப் பற்றியும் பேசிவிட்டுத் திரும்பி வந்தேன். ஐந்தாவது முறை போவதற்குப் பதிலாக இதை எழுத உட்கார்ந்தேன். இந்தக் கதை பிறந்த விதம் இவ்வளவுதான். பெருமைப்பட ஒன்றும் இல்லை.

அவர் பெயர் செல்லசாமி. வயது நாற்பத்தொன்பது. உடப்புசல்லாவைப் பக்கம் ஒரு தோட்டத்து ஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையை எங்கள் ஆட்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வார்கள்) இருபத்திரண்டு வருஷம் ரோலர் மெஷினில் நின்றவர். வாட்டிய கொழுந்தை ரோலர் நசுக்கி முறுக்கும். முறுகிய கொழுந்து பெல்ட்டில் ஏறிப் பக்கத்துச் சல்லடை மெஷினுக்குப் போகும். அந்த அறையில் எந்த மெஷினுக்கு என்ன நோவு என்று பார்க்காமலே சொல்வார். காதால் சொல்வார்.

நான் நுவரெலியாவில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் எழுதுவினைஞர். நல்ல சிங்களம் பேசுவேன் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு.

முதல் தொடக்கம் இப்படி எழுதினேன்:

"மலையை மூடிய பனிக்குள் இருந்து ஸ்டோரின் தகரக் கூரை மெல்ல மெல்ல

இதை இந்த இடத்திலேயே விட்டுவிட்டேன். பனி என்று எழுதினாலே வாசிக்கிறவருக்கு ஒரு சோகம் ஓசியில் கிடைத்துவிடுகிறது. மச்சானின் கதையில் பனி ஒன்றுமே செய்யவில்லை. எல்லாவற்றையும் செய்தது சத்தம்.

இரண்டாவது தொடக்கம்:

"அந்த அறைக்குள் நுழைந்தால் பேச்சு செத்துவிடும்."

கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் உண்மை இல்லை. அங்கே ஆட்கள் பேசிக்கொண்டேதான் இருப்பார்கள், கையாலும் புருவத்தாலும். ஒருமுறை மச்சானுக்குச் சாப்பாடு கொண்டுபோய் அரை மணித்தியாலம் அங்கே நின்றேன். வெளியே வந்த பிறகு பின்னேரம் வரை என் காதுக்குள் பஞ்சு அடைத்த மாதிரி இருந்தது. மச்சான் அங்கே இருபத்திரண்டு வருஷம் நின்றார் என்பது அப்போது என் மண்டையில் ஏறவில்லை.

2.

சத்தம் எப்போது தொடங்கியது என்று அவருக்கே தெரியாது. எங்களுக்குத் தெரிந்தது போன தீபாவளிக்கு. எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் சட்டென்று என் மனைவி பக்கம் தலையைத் திருப்பினார்.

"நிஷாந்தி, அடுப்புல என்னம்மா கத்துது?"

"அடுப்ப அணைச்சுட்டேண்ணே. ஒன்னும் கத்தலயே."

"ஈ...ன்னு ஒரு சத்தம். மாப்புள, உங்களுக்குக் கேக்கல?"

எனக்குக் கேட்கவில்லை. மரியாதைக்காக, "லேசா என்னமோ..." என்று இழுத்தேன். (பாருங்கள், அப்போதே இந்தப் பழக்கம் எனக்கு இருந்திருக்கிறது.)

அதற்குப் பிறகு விசித்திரமாகப் போயிற்று. பீங்கான் தட்டில் கரண்டி பட்டால் காதைப் பொத்திக்கொண்டார். பக்கத்து வீட்டுப் பிள்ளை சிரித்தால் முகம் சுளித்தார். ஆனால் நாலு பேர் பேசிக்கொண்டிருக்கும் இடத்தில் நாம் ஏதாவது கேட்டால் "என்ன? என்ன?" என்றார்.

"அண்ணனுக்குக் காது கேக்கலயா, இல்ல அளவுக்கு மேல கேக்குதா?" என்று நிஷாந்தி கேட்டாள். நான் சிரித்தேன். கேள்வி சரியான கேள்வி என்று இப்போது தெரிகிறது.

வீட்டில் இருந்த தொல்லை பெரிதில்லை. ஸ்டோரில்தான் விஷயம் முற்றியது. அவர் தலைக்குள் கேட்ட அந்த "ஈ", எண்ணெய் காய்ந்த பேரிங் போடும் சத்தத்தைப் போலவே இருந்தது. அந்தச் சத்தம் கேட்டால் மெஷினை நிறுத்த வேண்டும். அதுதான் அவருடைய வேலை. இரண்டு மாதத்துக்குள் மூன்று முறை நிறுத்தினார். மூன்று முறையும் மெஷின் பழுது பார்க்கும் பிட்டர் வந்து கழற்றிப் பார்த்தார், ஒன்றும் இல்லை. மூன்றாம் முறை கொழுந்து சூடேறிக் கெட்டுப்போனது. ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் எல்லார் முன்னாலும் கேட்டார்:

"செல்லசாமி, மெஷினப் பாக்க ஆள் கூப்புடணுமா, ஒங் காதப் பாக்க ஆள் கூப்புடணுமா?"

மச்சான் அடுத்த நாளே என்னிடம் வந்தார். "ஆஸ்பத்திரிக்குப் போவணும் மாப்புள. டாக்டருங்க சிங்களத்துல பேசுவாங்க. பஸ்ஸுல, கடையில பேசுற சிங்களம் எனக்கு வரும். இது வேற பேச்சு. நீங்க கூட வாங்க."

3.

ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் காது கிளினிக். மச்சானைக் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார வைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, 'பீப்' கேட்டால் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். வெளியே வந்தவர் வேர்த்திருந்தார்.

"எந்த பீப் அவங்களோடது, எந்த பீப் என்னோடதுன்னு தெரியல மாப்புள. எல்லாத்துக்கும் அமுக்கிட்டேன்."

பிறகு டாக்டர். முப்பத்தைந்து வயது இருக்கும் ஒரு பெண். நல்ல பொறுமைசாலி. ஒரு தாளில் காதை வரைந்தார், அதற்கு மேல் ஒன்றன்மேல் ஒன்றாக நாலு வட்டம் போட்டார், வட்டங்களைக் கோட்டால் இணைத்தார். நாலு நிமிஷம் பேசினார். பேசி முடித்து, "அவருக்குச் சொல்லுங்கள்" என்று என்னைப் பார்த்தார்.

நான் மச்சானுக்குச் சொன்னது மூன்று வாக்கியம்:

"வெளிய இருந்து வர்ற சத்தம் இல்லையாம் மச்சான். மூளையே உண்டாக்குற பொய்ச் சத்தமாம். கண்டுக்காம விட்டுறணுமாம்."

"வேலைக்கு ஒன்னும் இல்லையே?"

"ஒன்னும் இல்ல."

அவர் முகம் தெளிந்தது. பஸ் ஸ்டாண்ட் வரை என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார். "நல்ல வேள நீங்க வந்தீங்க" என்று இரண்டு தரம் சொன்னார்.

[இந்த இடத்தில் டாக்டர் உண்மையில் என்ன சொன்னார் என்று எழுத வேண்டும். எழுதிப் பார்த்தேன், கை வரவில்லை. முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.]

4.

அன்று நான் அங்கே இல்லை. அதனால் இந்தப் பகுதியைப் பல விதமாக எழுதினேன். ஒன்றில் மெஷின் மிருகம் மாதிரி உறுமியது. ஒன்றில் மச்சான் கதறினார். இரண்டையும் எடுத்துவிட்டேன். அங்கே நின்றவர்கள் சொன்னதை மட்டும் வைத்திருக்கிறேன்.

கிளினிக் போய்ப் பத்தொன்பதாவது நாள். காலை பத்து மணி. ரோலர் ஓடிக்கொண்டிருந்தது. சல்லடைக்குப் போகும் பெல்ட்டின் பக்கத்தில் மீனம்மா நின்று, சிந்திய கொழுந்தை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். அவர் அதுவரை மலையில் கொழுந்து பறித்தவர். முழங்கால் வலியால் ஸ்டோருக்கு மாற்றிக் கேட்டு வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது.

மச்சானுக்கு "ஈ" கேட்டது. அதை எனக்கு அவரே சொன்னார்: "வழக்கமா கேக்குறதுதான் மாப்புள. கொஞ்சம் தடிப்பா இருந்த மாதிரி. கைய சுவிச்சுக்குக் கொண்டுபோயிட்டேன். அப்புறம் நீங்க சொன்னது ஞாபகம் வந்துச்சு. பொய்ச் சத்தம்தானேன்னு கைய எடுத்துட்டேன்."

எவ்வளவு நேரம் போயிருக்கும் என்று அவருக்குச் சரியாகத் தெரியவில்லை. கால் மணித்தியாலம் இருக்கலாம். பெல்ட்டின் பேரிங் இறுகி, பெல்ட் ஒரு பக்கம் இழுத்து விலகியது. மீனம்மாவின் வலது கை உள்ளே போனது. மச்சான்தான் பாய்ந்து சுவிச்சை அணைத்தார். கை வெளியே வந்தபோது இரண்டு விரல் இல்லை.

பிட்டர் பேரிங்கைக் கழற்றிப் பார்த்தார். எரிந்து நீலமாகியிருந்தது. "இது அர மணித்தியாலமாவது கத்தியிருக்கணுமே" என்றார். ஆனால் பக்கத்து ரோலரில் நின்ற சின்னராசா தனக்கு ஒன்றும் கேட்கவில்லை என்றார். அவரும் பதினெட்டு வருஷம் அந்த அறையில் நின்றவர். ஒருவருக்கு எப்போதும் கேட்கிறது, இன்னொருவருக்கு எப்போதும் கேட்பதில்லை. இந்த இரண்டு சாட்சியை வைத்துக்கொண்டு எந்த மெஷினுக்கு என்ன நடந்தது என்று யார் சொல்வது?

தோட்டத்தில் விசாரணை வைத்தார்கள். "சத்தம் கேட்டதா?" என்று மச்சானைக் கேட்டார்கள். "கேட்டுச்சு. பொய்ச் சத்தம்னு நெனச்சேன்" என்றார். எழுதியவர்கள் "கேட்டது, பொருட்படுத்தவில்லை" என்று எழுதிக்கொண்டார்கள். அந்தத் தாளில் நான் எங்கும் இல்லை. அவரை ஸ்டோரில் இருந்து எடுத்து, தேயிலைக் கன்று வளர்க்கும் தவறணையில் போட்டார்கள்.

5.

இனித் தள்ளிப்போட முடியாது. டாக்டர் சொன்னது இதுதான். ஞாபகத்தில் இருந்தும், பிறகு நானாகத் தேடி வாசித்ததில் இருந்தும் எழுதுகிறேன்.

பல வருஷம் பேரிரைச்சலில் நின்றால், உள்காதில் சத்தத்தைப் பிடிக்கும் நுண்ணிய செல்களும், அவற்றை நரம்போடு சேர்க்கும் இணைப்புகளும் சேதமாகின்றன. காதிலிருந்து மேலே போகும் செய்தி குறைகிறது. டாக்டர் போட்ட நாலு வட்டமும் அந்தப் பாதையில், மூளைத் தண்டில் தொடங்கி மேலே போகும் நரம்பு நிலையங்கள். கீழே இருந்து செய்தி குறைந்தால் அவை அமைதியாகிவிடும் என்றுதான் நாம் நினைப்போம். ஆனால் பல பேருக்கு நேர்மாறாக நடக்கிறது. குறைந்ததை ஈடுகட்டுவது போல அவை தங்கள் வேலையைக் கூட்டிக்கொள்கின்றன. வெளியே ஒன்றுமே இல்லாதபோதும் நரம்புகள் துடிக்கின்றன, பல நரம்புகள் சேர்ந்து துடிக்கின்றன. மேல் வட்டம் அதைச் சத்தம் என்றே எடுத்துக்கொள்கிறது. கரண்டிச் சத்தம் ஊசியாகக் குத்துவதும் கூட்டத்தில் பேச்சு பிரியாமல் போவதும் இதே கோளாறோடு சேர்ந்து வரக்கூடியவை.

(இதில் எவ்வளவு உறுதி, எவ்வளவு ஊகம் என்று எனக்கு முழுதாகத் தெரியாது. ஆராய்கிறவர்களே இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்றுதான் நான் வாசித்ததில் இருந்தது.)

பிறகு டாக்டர், மச்சானின் முகத்தைப் பார்த்துவிட்டு, என் பக்கம் திரும்பித் தாழ்ந்த குரலில், "பொரு நெவெயி" என்றார். சிங்களத்தில் பொரு என்றால் பொய். பொய் இல்லை என்றார். அந்த நரம்புகள் நிஜமாகவே வேலை செய்கின்றன, அதனால் அதே மாதிரி ஒரு சத்தம் வெளியே இருந்து வந்தால் இவரால் பிரித்துச் சொல்வது கஷ்டம், மெஷின் வேலையில் இவர் காதை மட்டும் நம்ப வேண்டாம், வேறு இடத்துக்கு மாற்றச் சொல்லிக் கடிதம் தருகிறேன், வெளியே நர்ஸிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்.

"பொய் இல்லை" என்று அவர் சொன்னதை நான் "பொய்ச் சத்தம்" என்று சொன்னேன். கடிதத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை.

ஏன்? இதற்கு மூன்று விடை எழுதினேன்.

ஒன்று: டாக்டர் வேகமாகப் பேசினார், எனக்குப் பாதி புரியவில்லை, நல்ல சிங்களம் பேசுகிறவன் என்ற பெயர் கெட்டுவிடும் என்று மறுபடி கேட்கவில்லை.

இரண்டு: அடுத்த நம்பரைக் கூப்பிட்டுவிட்டார்கள். எனக்கு அரை நாள் லீவுதான்.

மூன்று: "வேலைக்கு ஒன்னும் இல்லையே?" என்று கேட்டபோது மச்சானின் முகம் இருந்த விதம். காதால் மெஷினை அறிகிற மனிதரிடம், இனி உங்கள் காதை நம்பாதீர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மூன்றாவது விடைதான் எனக்குப் பிடித்திருக்கிறது. அதனாலேயே அதன்மேல் சந்தேகமாக இருக்கிறது. புரியவில்லை என்பதும் உண்மையாக இருக்கலாம். ஆனால் புரியாமல் போனது இப்போது எப்படி இவ்வளவு தெளிவாக ஞாபகம் வருகிறது? வாசித்ததை டாக்டரின் வாயில் வைக்கிறேனா? தெரியவில்லை. "பொரு நெவெயி" மட்டும் நிச்சயமாகக் கேட்டேன்.

6.

இந்தக் கதையில் மீனம்மாவுக்கு நான் இடமே கொடுக்கவில்லை என்று எழுதும்போதே உறுத்தியது. விரல் போனது அவருக்கு. அதனால் அவரைப் பார்க்கப் போனேன். தொழிலாளர் வரிசை வீடான லயத்தில், ஒற்றை அறைக் காம்பராவில் கட்டிலில் உட்கார்ந்து, இடது கையால் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். எழுந்திருக்கப் பார்த்தார்.

"இருங்க, இருங்க. கை எப்படி இருக்கு?"

"இல்லாத வெரலு அரிக்குது சார். சொறியலாம்னா வெரலு இல்ல." சிரித்தார். "டாக்டருகிட்ட சொன்னா, அது அப்படித்தான் இருக்கும்ங்கிறாரு."

அந்த நாளைப் பற்றிக் கேட்டேன். சத்தம் ஏதாவது கேட்டதா என்று கேட்டேன். கேட்கவில்லை என்பார் என்றுதான் எதிர்பார்த்தேன். விசாரணையில் அப்படித்தான் சொல்லியிருந்தார்.

அவர் கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்தார்.

"கேட்டுச்சு சார். நல்லாவே கேட்டுச்சு. ஈ...ன்னு."

"பின்ன ஏன் சொல்லல?"

"செல்லசாமி அண்ணே நிக்கிறாங்களே. மெஷினப் பத்தி அவங்களுக்குத் தெரியாததா? அவங்க பெல்ட்டப் பாத்தாங்க, என்னையப் பாத்தாங்க. சுவிச்சுக்கிட்ட கையக் கொண்டுபோனாங்க, அப்புறம் எடுத்துட்டாங்க. சரி, ஒன்னும் இல்ல போலன்னு நானும் அள்ளிக்கிட்டு இருந்தேன்."

கீரைத் தண்டு ஒன்றை ஒடிக்கப் பார்த்தார். ஒரு கையால் முடியவில்லை. நான் வாங்கி ஒடித்துக் கொடுத்தேன்.

"இத அவங்ககிட்ட சொல்லிறாதீங்க சார். சின்னராசாவுக்கும் கேக்கல, எனக்கும் கேக்கல, அப்பன்னா தலைக்குள்ள கேட்டதுதான்னு அவங்க நெனச்சுக்கிட்டு இருக்காங்க. இருந்துட்டுப் போகட்டும். இப்பவே ஆள் பாதியாயிட்டாங்க. என் வெரலு இனி வரவா போவுது?"

சொல்லமாட்டேன் என்று தலையாட்டினேன். தலையாட்டியபோது அது ஒரு வாக்கு என்று தோன்றவில்லை.

இப்போது நான் மச்சானிடம் சொல்லாமல் வைத்திருக்கும் விஷயங்கள் இரண்டு. ஒன்று என்னுடையது, ஒன்று மீனம்மாவுடையது. இரண்டையும் பிரித்து வைக்க எனக்குத் தெரியவில்லை.

7.

முடிவுகள்.

முதல் முடிவில் நான் எல்லாவற்றையும் சொல்கிறேன், மச்சான் என்னைக் கட்டிப்பிடித்து அழுகிறார். இதை எழுதி முடித்ததும் எனக்கே வெட்கமாக இருந்தது. மன்னிப்பை நானே எழுதி நானே வாங்கிக்கொள்கிறேன்.

இரண்டாவது முடிவில் நான் ஒன்றும் சொல்லவில்லை. கதை ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் வருகிறது. மச்சான் கதை வாசிக்கிறவர் இல்லை. அதோடு

நிஷாந்தி இந்த இடம் வரை வாசித்தாள். தாள்களை மேசையில் வைத்தாள். அவளுக்கும் நான் இதுவரை சொல்லியிருக்கவில்லை என்பதை வாசிக்கக் கொடுத்த பிறகுதான் உணர்ந்தேன்.

"இத ஊரே படிக்கும். எங்கண்ணன் மட்டும் படிக்காது. அப்ப இத யாருக்குங்க எழுதுறீங்க?"

போன சனிக்கிழமை தவறணைக்குப் போனேன்.

மச்சான் பொலித்தீன் பைகளில் மண் நிரப்பிக்கொண்டிருந்தார். மெஷின் இல்லை, ஆள் இல்லை, அவ்வளவு அமைதி. "இங்க நல்லா அமைதியா இருக்கு மச்சான்" என்றேன்.

"அதுதான் தொல்ல மாப்புள. சத்தம் இல்லாத எடத்துலதான் அது இன்னும் சத்தமா கேக்குது."

நின்றபடியே சொல்லிவிட்டேன். டாக்டர் பொய் இல்லை என்று சொன்னதை, பிரித்துச் சொல்ல முடியாது என்றதை, வேலை மாற்றக் கடிதம் தருகிறேன் என்றதை, நான் அதை மறைத்ததை. காரணம் எதுவும் சொல்லவில்லை. சொல்ல மூன்று இருந்தும் சொல்லவில்லை.

அவர் மண் நிரப்புவதை நிறுத்தினார்.

"அப்ப அது நெசமாவே கேக்குதா எனக்கு?"

"ஆமா மச்சான். உள்ளுக்குள்ள நரம்பு நெசமாவே வேல செய்யுதாம்."

"ஒரு வருஷமா நான் கிறுக்கனாயிட்டேன்னு நெனச்சேன்." மூச்சை விட்டார். கோபம் வரும் என்று காத்திருந்தேன். வந்தது. ஆனால் கத்தவில்லை. "கடுதாசி தாரேன்னாங்களா?"

"சொன்னாங்க."

"கையில வாங்கியிருந்தா, அந்தப் புள்ளைக்கு..." அவர் முடிக்கவில்லை. ஒரு பையில் பாதிதான் மண் இருந்தது. அதைத் தூக்கித் தட்டிக் கீழே வைத்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு எனக்கு நேரே வந்து நின்றார்.

"ஒன்னு மட்டும் கேக்குறேன். இந்தத் தடவ ஒழுங்கா சொல்லுங்க. அன்னைக்கு நான் கேட்டது என் தலையா, பெல்ட்டா? மெஷின் கத்துச்சா, இல்லையா?"

மீனம்மா சொன்னது எனக்குத் தெரியும். இப்போது உங்களுக்கும் தெரியும். சொன்னால், கையை எடுத்த அந்த ஒரு நொடியோடு அவர் வாழ வேண்டும், மீனம்மாவுக்கு நான் தலையாட்டியது வீண். சொல்லாவிட்டால், இதுவும் நான் விழுங்கிய வாக்கியம். அவருக்கு எது தாங்கும், எது தாங்காது என்று ஒருமுறை நானே தீர்மானித்தேன். இரண்டு விரல் போனது.

இந்த முறை நான் தனியாகத் தீர்மானிக்க மாட்டேன். அவர் இன்னும் நிற்கிறார், என் உதட்டையே பார்த்துக்கொண்டு. அப்படித்தான் அவர் இப்போது பேச்சைப் பிடிக்கிறார். நான் கொஞ்சம் தள்ளி நிற்கிறேன். நீங்கள் வாருங்கள். அவருக்கு நேரே நின்று, வாயை நன்றாகத் திறந்து, மெதுவாகச் சொல்லுங்கள்.